அண்ணி வாங்கிய கப்ளிங்

கப்ளிங் உடைந்தபோது நான் அரங்கத்தின் நடுப்பாதையில் பத்தொன்பதாவது வரிசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். கையில் துடுப்பு.

துடுப்பு என்பது எங்கள் வீட்டுச் சொல். கம்பளம் கழுவும் மெஷின் ஓர் ஓரமாக நிற்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் கொதிக்கக் கொதிக்கச் சோப்புத் தண்ணீரைக் கொண்டுவரும். இன்னொரு தடித்த ஹோஸ் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகும். இரண்டும் வந்து சேர்கிற நீண்ட எவர்சில்வர் குழாயைப் பிடித்துத்தான் கம்பளத்தின் மேல் முன்னும் பின்னும் இழுப்போம். படகு தள்ளுகிற மாதிரி இருக்கிறது என்று அண்ணன் அதற்குத் துடுப்பு என்று பெயர் வைத்தார். மெல்லிய ஹோஸ் துடுப்போடு சேருமிடத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு உலோக இணைப்பு ஒன்று உண்டு. அதுதான் கப்ளிங். இழுக்கும்போது சரியாக முழங்காலுக்குக் கீழே வந்து நிற்கும்.

'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தண்ணீர் என் இடது காலில் பாய்ந்தது. நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற அண்ணி ஓடிவந்ததும், பாதி வழியில் திரும்பி ஓடி முதலில் மெஷினை நிறுத்தியதும் நினைவிருக்கிறது. அந்த நேரத்திலும் எதை முதலில் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குள் ஆறு வரிசைக்குக் கம்பளம் குளமாகிவிட்டது.

அரங்கத்தின் மேலாளர் வந்து பார்த்தார். குரலை உயர்த்தாத பெண்மணி. முதலில் என் காலுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். என்னை வேனில் ஏற்றியபிறகு அண்ணியிடம், "இன்னிக்கு சாயங்காலம் இங்க எண்ணூறு பேர் வர்றாங்க. இந்த ஈரத்துல யாரை நடக்கச் சொல்றது? இனிமே நீங்க வர வேண்டாம்மா" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அண்ணி பிறகு சொன்னார்.

எங்கள் தொழிலில் மொத்தமே மூன்று பேர். அண்ணன் வேன் ஓட்டுவார், ஆர்டர் பிடிப்பார், சாமான் வாங்கிப் போடுவார். கழுவுவது அண்ணியும் நானும். நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த அலுவலகத்தை மூடியபிறகு, "வீட்ல உக்காந்து சுவத்தைப் பார்த்துட்டு இருக்கப் போறியா, இல்ல என்கூட வர்றியா?" என்று அண்ணி கேட்டார். நான்கு வருஷத்துக்கு முன்பு அப்படித்தான் துடுப்பைப் பிடித்தேன்.

டாக்டர் கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டுப் போட்டு, மூன்று வாரம் வேலைக்குப் போகக் கூடாது என்றார். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"ஒரு கப்ளிங்தானே? மாத்திட்டா போச்சு. வண்டியில இன்னும் எட்டு கிடக்கு. பித்தளை. நான் பார்த்துதான் வாங்கினேன்."

அண்ணி கைப்பையிலிருந்து உடைந்த துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வெளியே தங்கமாக மின்னியது. உடைந்த வாயில் பென்சில் ஈயம் மாதிரி சாம்பல் நிறம்.

"இதுவா பித்தளை?"

அண்ணன் அதைக் கையில் எடுக்கவில்லை. "கடைக்காரன் அப்படித்தான் சொன்னான்."

"கடைக்காரன் கால்ல ஊத்தலையே" என்றார் அண்ணி. "இனிமே கப்ளிங் வாங்கறது என் வேலை. நீங்க தலையிட வேண்டாம்."

அண்ணனுக்கு அது சுருக்கென்று தைத்தது. அதற்குப் பிறகு அவர்கள் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. பேச்செல்லாம் என் வழியாகத்தான் போயிற்று. "வேன் சாவி எங்கேன்னு உங்க அண்ணிகிட்ட கேளு." "எப்பவும் இருக்கற ஆணியிலதான் இருக்குன்னு உங்க அண்ணாகிட்ட சொல்லு." காலை நீட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்த நான் தபால் ஆபீஸ் ஆனேன்.

மூன்றாம் நாள் அண்ணி கருவிப் பெட்டியிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது. செருப்பை இழுத்து இழுத்து அவர் பின்னால் நடந்தேன்.

குழாய்ச் சாமான் விற்கிற தெரு அது. முதல் கடையில் அண்ணி ஒரு கப்ளிங்கைக் கையில் வாங்கி, அடிப்பக்கத்தில் அரத்தை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தார். மஞ்சள் போய் வெள்ளை தெரிந்தது. கடைக்காரர் பதறிவிட்டார்.

"என்னம்மா இது? நகைக்கடைக்கு வந்த மாதிரி உரசிப் பார்க்கறீங்க!"

"நகை உடைஞ்சா கால் வேகாதுங்க" என்று சொல்லி, உரசிய ஒன்றுக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

இரண்டாவது கடையில் உரசவே விடவில்லை. மூன்றாவது கடை குறுகலாக, உள்ளே நீளமாக இருந்தது. கனத்த கண்ணாடி போட்டவர் ஒருவர் உட்கார்ந்து ஹோஸ் முனையில் உலோகப் பூண் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அண்ணி அரத்தை எடுத்ததைப் பார்த்தும் அவர் தடுக்கவில்லை. உரசிய இடமும் மேல்பக்கம் போலவே மஞ்சளாக இருந்தது.

"அது உருக்கி வார்த்தது இல்ல, பித்தளைக் கம்பியைக் கடைஞ்சு செஞ்சது" என்றார் அவர். "உங்களுக்கு எவ்வளவு அழுத்தம்? எவ்வளவு சூடு? தண்ணியில என்ன கலக்கறீங்க?"

அண்ணிக்கு அழுத்தம் தெரியவில்லை. சூடும் சரியாகத் தெரியவில்லை. ஒன்பது வருஷமாக அந்த மெஷினோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அதன் கணக்கு தெரியவில்லை என்பது அவரையே உறுத்தியது. முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கு வர்றேன்" என்று எழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நேராக வேனுக்குள் ஏறி, மெஷினின் பின்பக்கம் ஒட்டியிருந்த தகட்டை ஈரத்துணியால் துடைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். நான் எழுதிக்கொண்டேன். அழுத்தம் முந்நூறு பவுண்டு. சூடு தொண்ணூறு டிகிரி வரை. சோப்புத் திரவத்தில் காரம், கடைசியாக அலசுகிற திரவத்தில் அமிலம்.

மறுநாள் அந்தத் தாளை நீட்டியதும் கண்ணாடிக்காரர் மூன்று வகையை எடுத்து மேசையில் வைத்தார். கடைந்த பித்தளை, வெள்ளை முலாம் பூசிய இரும்பு, முழு எவர்சில்வர்.

"இதுல எது ரொம்ப நாள் தாங்கும்?"

"இந்த அழுத்தத்துக்கு மூணுமே தாங்கும். ஆனா எத்தனை நாளைக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாதும்மா. வித்ததுக்கு அப்புறம் யாரும் வந்து என்கிட்ட சொன்னதில்ல."

அண்ணி மூன்றிலும் இரண்டிரண்டு வாங்கினார். "நான் வந்து சொல்றேன்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் சமையலறை ஜன்னலில் மூன்று கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கப்ளிங், சோப்புத் திரவத்தில் மூழ்கி. இன்னொரு செட்டைக் கயிற்றில் கோத்து, மாடிப்படியில் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஏறி இறங்குவார். காலையில் பத்துத் தடவை, மதியம் பத்துத் தடவை. ராத்திரி இரண்டு செட்டையும் இடம் மாற்றிப் போடுவார். படி இருபத்திரண்டு. கீழ்வீட்டுத் தையல்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, நாய் வளர்க்கறீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, மூணு" என்றார் அண்ணி நிற்காமல்.

அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "சமையல்கட்டுல இரும்புக்கு வைத்தியம் நடக்குதுன்னு ஊர்ல சொல்லிச் சிரிக்கப் போறாங்க. அதைக் கொஞ்சம் உங்க அண்ணிகிட்ட சொல்லு" என்றார் என்னிடம்.

"சிரிக்கறவங்களை வந்து படியேறச் சொல்லுன்னு சொல்லு" என்றது உள்ளேயிருந்து குரல்.

எனக்குக் கால் ஆறிக்கொண்டு வந்தது. ஆனால் வேறொன்று ஆறவில்லை. இரண்டாவது வாரம் அண்ணி மெஷினை முற்றத்தில் இறக்கிச் சும்மா ஓட்டிப் பார்த்தார். அந்த உறுமல் கேட்டதுமே என் கால் தானாகப் பின்னால் போயிற்று. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். அண்ணி அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்தார். ஆனால் அன்று மதியம் பத்துக்குப் பதில் இருபது தடவை படியேறினார்.

பதினைந்தாவது நாள் ஜாடிகளைத் திறந்தோம். இரும்பில், படியில் தேய்ந்து முலாம் போன இடமெல்லாம் செந்துரு. வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தினால் பழுப்புக் கறை. "கம்பளம் கழுவப் போய்க் கம்பளத்துல கறையை வச்சுட்டு வரவா?" என்று அதைத் தூக்கிப் போட்டார். பித்தளை நிறம் மங்கி, விளிம்பில் லேசாக நசுங்கியிருந்தது. எவர்சில்வர் மட்டும் கடையில் பார்த்த மாதிரியே பளபளவென்று இருந்தது.

"முடிஞ்சுது. எல்லாத்தையும் எவர்சில்வர்ல மாத்திடறோம்" என்றார் அண்ணி. அந்த இரண்டு வாரத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சிரிப்பு நான்கு நாள்தான் இருந்தது.

வேலை முடிந்ததும் கப்ளிங்கைத் துடுப்பிலிருந்து கழற்றி அலசி வைப்பது எங்கள் வழக்கம். அதனால் அண்ணி தினமும் அதை மாட்டுவதும் கழற்றுவதுமாகப் பழக்கினார். நான்காம் நாள் அது கழலவில்லை. துடுப்பின் முனையும் எவர்சில்வர், கப்ளிங்கும் எவர்சில்வர். இரண்டின் திருகு மரையும் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு, ஒட்டுப்போட்ட மாதிரி இறுகிவிட்டன. எண்ணெய் விட்டோம். வெந்நீர் ஊற்றினோம். ஸ்பானரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொங்கினோம். அசையவில்லை. அண்ணி படியில் உட்கார்ந்து கையைப் பார்த்தார். உள்ளங்கையில் ஸ்பானர் பதிந்த தடம்.

அப்போது அண்ணன் வந்தார். துடுப்பை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி ஒரு இழுப்பு இழுத்தார். கப்ளிங் வந்தது. துடுப்பின் மரையும் சுருள் சுருளாக அதோடு வந்தது.

"போச்சு" என்றார் அண்ணி.

அண்ணன் துடுப்பை மெதுவாகக் கீழே வைத்தார். திட்டப் போகிறார் அல்லது கேலி செய்யப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"சின்னவளே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு உடைஞ்சுதே, அது முதல் தடவை இல்ல."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு மாசம் முன்னாடி மெஷினைக் கழுவறப்போ என் கையிலயே ஒண்ணு உடைஞ்சுது. சூடு போடலை, அதனால ஒண்ணும் ஆகலை. உள்ள சாம்பலா இருந்ததைப் பார்த்தேன். தப்பான சரக்குன்னு தெரிஞ்சுது. டஜன் கணக்குல வாங்கிட்டோமேன்னு வேற ஒண்ணை மாட்டிட்டேன். உங்ககிட்ட சொல்லலை." என் காலைப் பார்த்தார். "சொல்லியிருந்தா உன் கால் இப்படி ஆகியிருக்காது."

கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், மூக்கு வரைக்கும் வந்தது. ஆனால் இந்த மூன்று வாரமும் கட்டு மாற்ற என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் வந்தவர் அவர்தான். ஒவ்வொரு தடவையும் கட்டைப் பிரிக்கும்போது வெளியே போய் நின்றுகொள்வார். அது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

"எனக்கு இப்போ பேச வரலை அண்ணா" என்றேன். "அப்புறம் பேசறேன்."

அவர் தலையை ஆட்டினார்.

அண்ணி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்பானரை எடுத்துப் படியின் ஓரமாக வைத்தார். பிறகு, "அந்த முதல் துண்டை என்ன பண்ணினீங்க?" என்றார். மூன்று வாரத்தில் அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"வண்டிப் பெட்டியில கிடக்கு."

"எடுத்துட்டு வாங்க."

இரண்டு துண்டையும் அண்ணி பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே இடத்தில் உடைந்திருந்தன. துடுப்பை ஒட்டின கழுத்தில்.

"உங்க கையில உடைஞ்சப்போ இதுவும் துடுப்புலதான் மாட்டியிருந்துதா?"

"ஆமா."

அண்ணி துடுப்பை எடுத்து, வெறும் ஹோஸைக் கையால் அதன் முனையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஹோஸ் தன் கனத்தோடு ஒரு பக்கம் முறுக்கியது, தொங்கியது. அந்த முறுக்கு முழுவதும் கழுத்தில்தான் போய் விழுந்தது.

"நான் உலோகத்தையே பார்த்துட்டு இருந்துட்டேன்" என்றார் அண்ணி. "மட்டமான உலோகம் சீக்கிரம் உடையும், நல்ல உலோகம் கொஞ்சம் மெதுவா உடையும். ஆனா இந்த முறுக்கு இருக்கற வரைக்கும் உடையறது உடையும்தான். இந்த இடத்துல எல்லாப் பக்கமும் திரும்பற மாதிரி ஏதாவது வேணும்."

"சுழல் மூட்டுன்னு ஒண்ணு வரும்" என்றார் அண்ணன். கொஞ்சம் தயங்கி, "கூட வரட்டுமா? தலையிடலை. வண்டி மட்டும் ஓட்டறேன்" என்றார்.

"வாங்க. உரசிப் பார்க்கவும் ஒரு ஆள் வேணும்" என்றார் அண்ணி.

கண்ணாடிக்காரர் இவ்வளவு கதையையும் முனை அழுத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். எவர்சில்வர் மரையை எவர்சில்வரில் வெறுமனே முறுக்கினால் கடித்துக்கொள்ளும் என்பதைத் தானும் கேள்விப்பட்டிருப்பதாகவும், அதை முதலிலேயே சொல்லத் தோன்றவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். "தினம் கழட்டுவீங்கன்னு நீங்க சொல்லலையே" என்றும் சேர்த்துக்கொண்டார். அண்ணி சண்டைக்குப் போகவில்லை. பித்தளையில் கடைந்த சுழல் மூட்டு ஒன்று எடுத்தார். துடுப்பின் எவர்சில்வர் முனையில் இனிமேல் பித்தளைதான் ஏறும். அதோடு, இரண்டு துண்டாக வந்து ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்கிற கப்ளிங் ஒன்றும் எடுத்தார்: உள்ளே நுழைகிற துண்டு எவர்சில்வர், அதை வாங்கிக்கொள்கிற துண்டு பித்தளை.

"தேயறது எப்பவும் வாங்கிக்கற பக்கம்தான்" என்றார் கண்ணாடிக்காரர். "அதைப் பெண் பக்கம்னு சொல்வோம்."

"அது தெரிஞ்ச விஷயம்தானே" என்றார் அண்ணி. "அதனாலதான் மாத்தறதுக்குச் சுலபமா பித்தளையில எடுக்கறேன். ரப்பர் வளையம் வெந்நீர் தாங்கறதா பத்து கொடுங்க."

லேத் பட்டறையில் துடுப்பின் கெட்டுப்போன முனையை வெட்டிப் புது மரை போட்டுக் கொடுத்தார்கள். தண்ணீர் கசியாமலிருக்க மரையில் நாடா சுற்றிச் சுழல் மூட்டை முறுக்கி ஏற்றினோம். முற்றத்தில் ஒரு வாரம் ஓட்டினோம். தினமும் கழற்றினோம், தினமும் மாட்டினோம். ஹோஸ் எப்படி இழுத்தாலும் மூட்டு திரும்பிக்கொடுத்தது. கழுத்து நேராகவே நின்றது.

அதன்பிறகு அண்ணி அரங்கத்துக்குப் போகலாம் என்றார். "வர வேண்டாம்னு சொன்ன இடத்துக்கா?" என்றேன். "அங்கதானே உடைஞ்சுது" என்றார்.

மேலாளரின் மேசைமேல் உடைந்த இரண்டு துண்டையும் புதிய சுழல் மூட்டையும் வைத்தார் அண்ணி. "வேலை கேட்டு வரலைங்க. ஏன் உடைஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்." எல்லாவற்றையும் சொன்னார். சரக்கு மட்டம் என்பது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதையும் மறைக்கவில்லை. கதவருகே நின்ற அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

மேலாளர் சாம்பல் நிறத் துண்டை விரலால் தடவிப் பார்த்தார். "இனிமே உடையாதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

"மாட்டேங்க" என்றார் அண்ணி. "உலோகம்னா ஒரு நாள் உடையத்தான் செய்யும். உடையறதுக்கு முன்னாடி மாத்திடுவேன்னு வேணா எழுதிக் கொடுக்கறேன். எந்தத் தேதியில மாட்டினேன், எப்போ கழட்டிப் பார்த்தேன், எல்லாம் இந்த நோட்டுல இருக்கும். எப்ப வேணா கேளுங்க."

மேலாளர் நோட்டை வாங்கிப் புரட்டினார். அரங்கத்துக்கு வேறு ஆட்களைப் பேசிவிட்டதாகவும், வருஷக் கடைசி வரை அதை மாற்ற முடியாது என்றும் சொன்னார். "பக்கத்துல கம்பளம் போட்ட நடைபாதை ஒண்ணு இருக்கு. வெள்ளிக்கிழமை காலையில வாங்க. நான் கூட நிப்பேன்."

வெள்ளிக்கிழமை மெஷினை இறக்கி ஹோஸை விரித்தோம். அண்ணி மாட்டினார், இழுத்துப் பார்த்தார், மறுபடியும் இழுத்துப் பார்த்தார். சூடு ஏறியது. துடுப்பை அவரே எடுக்கப் போனார்.

"கொடுங்க அண்ணி" என்றேன்.

"இன்னிக்கே வேணாம். உனக்கு..."

"பயமாத்தான் இருக்கு. கொடுங்க."

அவர் என் கண்ணைப் பார்த்தார். பிறகு துடுப்பைக் கொடுத்துவிட்டு, மெஷினின் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் ஒரு கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் பின்னால் ஹோஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பின் விசையை அழுத்தினேன். தண்ணீர் போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. முதல் பத்தடிக்கு என் கண் கம்பளத்தில் இல்லை, முழங்காலுக்குக் கீழேயே இருந்தது. இருபதடிக்குப் பிறகுதான் கம்பளத்தின் நிறம் மாறுவதைக் கவனித்தேன். பழுப்பாக இருந்தது உண்மையில் கரும்பச்சை.

நடுவில் ஒரு தடவை, பாதித் தூரத்தில் மெஷினை நிறுத்தி அண்ணி கப்ளிங்கைக் கழற்றிப் பார்த்தார். சுழல் மூட்டின் வெளி இடுக்கில் கம்பளத்து நூல் சுருண்டு ஒட்டியிருந்தது. குண்டூசியால் எடுத்துப் போட்டுவிட்டு மாட்டினார். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

முடித்தபோது மணி பன்னிரண்டு. மேலாளர் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கம்பளத்தின் மேல் வெறுங்காலோடு கடைசி வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். பாதத்தைத் தூக்கி உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"ஈரம் கம்மிதான்" என்றார். "அடுத்த மாசம் மாடி வராந்தாவைப் பாருங்க. அரங்கத்தைப் பத்தி வருஷக் கடைசியில பேசலாம்."

வேனில் ஏறியதும் அண்ணி நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். "இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டார். அண்ணனும் நானும் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு தேதி சொன்னோம். நான் சொன்னதுதான் சரி. அண்ணன் ஒரு நாள் முன்னால் போயிருந்தார்.